ஃபாலோயர்ஸ் ஐயாயிரம், ஆர்டரைக் கைமாத்திவிட ஒரு ஆள் இல்ல

1/
இங்கிலாந்துல வீட்டுல இருந்தபடியே கேக், ஆரி ஜாக்கெட், மருதாணி, மேடை அலங்காரம், ஓவியம், நகைன்னு சின்னதா ஒரு கைத்தொழில் நடத்துற நம்ம ஆட்களுக்காக இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இவங்களுக்கு இன்னொரு மார்க்கெட்டிங் வகுப்பு தேவையில்ல. உடம்பு முடியாத நாள்ல வேலையைக் கையில வாங்கிக்க நாலு மனுஷங்க வேணும். அந்த நாலு பேர் இல்லாத தொழில், எவ்வளவு நல்லா ஓடினாலும், நடத்துறவங்க உடம்பைத் தின்னுட்டுத்தான் ஓடுது.

3/
இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். பொது மருத்துவரா நான் பார்க்கிறது இந்தக் கதையோட கடைசிப் பக்கத்தை. மணிக்கட்டு வலி, ராத்திரியில கை மரத்துப் போறது, தூக்கமின்மை, படபடப்பு, ஏறிப்போன பிரஷர். "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டா, "வேலைக்குப் போகல டாக்டர், வீட்லதான் இருக்கேன்"னு பதில். இன்னும் நாலு கேள்வி கேட்டாத்தான் தெரியும், அந்த வீட்ல இருந்து வாரத்துக்குப் பத்து கேக் போகுது, இல்லன்னா தீபாவளிக்குள்ள இருபது ஜாக்கெட் முடிச்சாகணும்.

4/
இது யாரோ ஒருத்தரோட கதை இல்ல. பலரிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அதனால அடையாளம் எதுவும் இல்லாமப் பொதுவா எழுதுறேன்.

5/
"வீட்லதான் இருக்கேன்"ங்கிற அந்த வார்த்தையை கவனிங்க. பெரும்பாலும் கணவரோ மனைவியோ ஐ.டி. வேலைக்கோ ஆஸ்பத்திரி வேலைக்கோ வந்திருப்பாங்க, இவங்க டிபென்டென்ட் விசாவில கூட வந்தவங்க. படிச்ச படிப்பு பெட்டியில இருக்கும். காசுக்காக மட்டும் இல்லாம, "நானும் ஒரு ஆள்தான்"னு தனக்கே காட்டிக்கத் தொடங்கின வேலை இது. ஆனா அதை வேலைன்னு சொல்ல அவங்களுக்கே கூச்சம். வேலைன்னு ஒத்துக்காத ஒண்ணுக்கு யார்கிட்ட போய் உதவி கேட்க முடியும்?

6/
ஊர்ல இந்தப் பிரச்சினை இல்லையான்னா, இருக்கு. ஆனா அங்க தெருவே பாதியைத் தாங்கிடும். மதுரையில தையல் போடுற அக்காவுக்கு, பிள்ளையைப் பார்த்துக்க அம்மா, கடனுக்கு நூல் தர்ற கடைக்காரர், காய்ச்சல்னா கொக்கி, பட்டன் வச்சுத் தர்ற பக்கத்து வீட்டுப் பொண்ணு. இதை யாரும் நெட்வொர்க்னு சொல்றதில்ல. விமானம் ஏறினதும் இவ்வளவும் ஒரே ராத்திரியில போயிடுது. இங்க வந்து அதை ஒவ்வொரு ஆளா, கையாலதான் திரும்பக் கட்டணும்.

7/
சட்டமும் நமக்குப் பெருசா கை கொடுக்கல. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்குக் காய்ச்சல்னா நோய்க்கால ஊதியம் இருக்கு. சுயதொழில் செய்றவருக்கு அந்த 'ஸ்டாச்சுட்டரி சிக் பே' கிடையாது. சனிக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை 39 டிகிரி காய்ச்சல்னா, பாராசிட்டமால் போட்டுக்கிட்டு நின்னு கேக்குக்கு ஐசிங் போடுறாங்க. சமையல் வேலையில இருக்கிறவருக்கு வாந்தி, வயித்துப்போக்கு வந்தா, நின்ன பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடக்கூடாதுங்கிறதுதான் இங்க விதி. மாத்தி விட ஆள் இல்லன்னா அந்த விதியை யார் கடைப்பிடிப்பாங்க? ஆக இது அவங்க உடம்பு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, சாப்பிடுறவங்க உடம்பும் சேர்ந்தது.

8/
உறவுகள் உடம்புக்கு என்ன செய்யும்? 2010ல ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் கூட இருந்தவங்களும் 148 ஆய்வுகளை, மொத்தம் 3 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களோட தரவை, ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. வலுவான சமூக உறவு உள்ளவங்க ஆய்வுக் காலத்தில உயிரோட இருக்கிற வாய்ப்பு மத்தவங்களைவிட 50 சதவீதம் அதிகம்னு வந்தது. இது கவனிச்சுப் பார்த்த ஆய்வுகள்தான், 'நண்பர் ஒரு மாத்திரை'ன்னு நிரூபிச்சது இல்ல. ஆனா புகை, உடல் பருமன் பத்திப் பேசுற அளவுக்கு நாங்க டாக்டர்கள் இதையும் பேசணும்னு சொல்ற அளவுக்கு வலுவான தரவு.

9/
பிரிட்டன் 2018ல தனிமைக்குன்னே ஒரு அமைச்சர் பொறுப்பை உருவாக்கினது. நம்ம ஆட்கள் பலர் அதைக் கேட்டுச் சிரிச்சாங்க, "வெள்ளைக்கார தாத்தா பாட்டிங்க பிரச்சினை"ன்னு. முப்பத்திரண்டு வயசுல, நாலு வாட்ஸ்அப் குழுவுல இருந்துக்கிட்டு, பகல் பூரா யார்கூடவும் ஒரு வார்த்தை பேசாம ஆரி ஸ்டாண்ட் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களும் அந்தக் கணக்குலதான் வருவாங்க.

10/
இப்போ முக்கியமான இடம். வாடிக்கையாளர்கள் உங்க ஆதரவு வட்டம் இல்ல. ஃபாலோயர்ஸும் இல்ல. "சூப்பர் அக்கா"ன்னு இதயக்குறி போடுற 200 பேர் சந்தோஷம் தருவாங்க, தப்பில்ல. ஆனா மூணு கேள்வி கேட்டுப் பாருங்க:
நாளைக்கு நீங்க படுத்துட்டா ஆர்டரை யார் முடிப்பாங்க?
விலை சரியா வச்சிருக்கீங்களான்னு யார்கிட்ட கூச்சமில்லாமக் கேட்பீங்க?
இந்தத் தொழிலைப் பத்திப் பேசாமலே உங்ககூட ஒரு மணி நேரம் உட்கார யார் இருக்காங்க?
மூணுக்கும் பெயர் வரலைன்னா, எத்தனை ஆயிரம் ஃபாலோயர்ஸ் இருந்தும் நீங்க தனியாத்தான் தொழில் பண்றீங்க.

11/
முதல் ஆள்: உங்க போட்டியாளர். ஆமா, அதே ஊர்ல அதே தொழில் பண்றவங்கதான். உங்க வேலையை உங்க தரத்துல முடிச்சுத் தர வேற யாராலயும் முடியாது. கணவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சர்தோசி வேலையை ராத்திரியோட ராத்திரியாக் கத்துக்க மாட்டார்.

12/
"டாக்டர், நம்ம ஆளுங்களைப் பத்தித் தெரியாம பேசுறீங்க. டிசைனைத் திருடுவாங்க, கஸ்டமரை இழுத்துப்பாங்க." இதைத்தான் அதிகம் கேட்கிறேன். பயம் பொய்யின்னு சொல்ல மாட்டேன், நடக்குது. ஆனா யோசிங்க. டிசைன் ஏற்கெனவே இன்ஸ்டாகிராம்ல உலகத்துக்கே திறந்து கிடக்கு. திருட நினைக்கிறவர் உங்ககூட நட்பாகித்தான் திருடணும்னு இல்ல. விலகி நிக்கிறதால டிசைன் பத்திரமாகல, நீங்கதான் தனியாகுறீங்க.

13/
அதனால டிசைன்ல ஆரம்பிக்காதீங்க. சின்னதா தொடங்குங்க. நல்ல பெட்டி மொத்தமா எங்க கிடைக்குது? நூல், பாசி மணி சேர்ந்து வரவழைச்சா தபால் செலவு பாதியாகுமா? அதுல நம்பிக்கை வந்தா அடுத்த படி: "என்னால முடியாத தேதியில வர்ற ஆர்டரை உங்ககிட்ட அனுப்புறேன், நீங்களும் அப்படியே." கடைசிப் படிதான் அவசர ஒப்பந்தம்: பாதியில படுத்துட்டா எடுத்து முடிக்கிறது, காசு எப்படிப் பிரிக்கிறது, வாடிக்கையாளர்கிட்ட யார் பேசுறது. மூணு வரியில எழுதி வச்சுக்கணும். எழுதி வைக்காத நட்பு முதல் ஆர்டர்லயே உடையும்.

14/
இரண்டாவது: தூரத்துப் பழக்கம். 1973ல மார்க் கிரனோவெட்டர்ங்கிற சமூகவியலாளர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்களைக் கேட்டப்ப, அந்தத் 'தெரிஞ்சவரை' அடிக்கடி பார்க்கிறவங்க 16.7 சதவீதம்தான். மத்த எல்லாரும் எப்பவாவது பார்க்கிற, இல்லன்னா அபூர்வமாப் பார்க்கிற ஆட்கள் மூலமாத்தான் வேலைக்குப் போயிருந்தாங்க. காரணம் எளிசு. நெருங்கினவங்களுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். புதுச் செய்தி வெளிவட்டத்துல இருந்துதான் வரும்.

15/
அது வேலை தேடுறதைப் பத்தின ஆய்வு. தொழிலுக்கும் இது பொருந்தும்னு நான் நினைக்கிறேன். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தமிழ் வட்டமே பெருசு, அதுக்குள்ளயே வாழ்ந்துடலாம். ஆனா அந்த வட்டத்துல எல்லாருக்கும் ஒரே சீசன், ஒரே விலை, ஒரே கல்யாண மண்டபம். பள்ளி வாசல்ல நிக்கிற போலந்து அம்மா, மூலைக்கடை குஜராத்தி அண்ணன், சர்ச் ஹால் சந்தை நடத்துற வெள்ளைக்காரப் பாட்டி, இவங்கதான் கிறிஸ்துமஸ் சந்தையில மேஜை எங்க கிடைக்கும், கவுன்சில்ல யாரைப் பார்க்கணும்னு சொல்வாங்க. ஆங்கிலம் தடுமாறுதேன்னு ஒதுங்காதீங்க. அவங்கள்ல பலருக்கும் அதே தடுமாற்றம் இருந்ததுதான்.

16/
மூணாவது: விதி தெரிஞ்ச ஒருத்தர். அரைகுறைத் தகவல்தான் நம்ம குழுக்கள்ல அதிகம் சுத்துது. சில விஷயங்களை இங்கயே சொல்லிடறேன்.

17/
ஸ்டூடன்ட் விசாவில இருக்கிறவங்க சுயதொழில் பண்ணக்கூடாது. ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரோட டிபென்டென்ட் பண்ணலாம். வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. தொழில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினா எச்.எம்.ஆர்.சி.யில பதிவு பண்ணணும். இது லாபக் கணக்கு இல்ல, செலவு கழிக்காத மொத்த வரவு. ஆன்லைன் கணக்குக்குக் கடைசி நாள் ஜனவரி 31, தவறினா 100 பவுண்டு அபராதம். விதிகள் மாறும், அரசுத் தளத்துல ஒருமுறை சரி பாருங்க. வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீங்க.

18/
சாப்பாட்டுத் தொழில்னா தொடங்க 28 நாளுக்கு முன்னாடியே உள்ளூர் கவுன்சில்ல பதிவு பண்ணணும். அது இலவசம். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் எது உங்க பண்டத்துல இருக்குன்னு வாங்குறவருக்குத் தெரியணும். எள்ளும் அந்தப் பதினாலுல ஒண்ணு. நம்ம சமையல்ல எள் எவ்வளவு சாதாரணம்! 2016ல நடாஷாங்கிற 15 வயசுப் பொண்ணு சாண்ட்விச் ரொட்டியில இருந்த எள்ளால ஒவ்வாமை வந்து இறந்துபோனா. 2021ல வந்த லேபிள் சட்டத்துக்கு அவ பேர்தான் வழக்கத்துல இருக்கு. ஒரு முறுக்கு பாக்கெட்டுக்கு இவ்வளவு யோசிக்கணுமான்னா, ஆமா, யோசிக்கணும்.

19/
மருதாணி போடுறவங்களுக்கு: "சீக்கிரம் கருப்பாகணும்"னு கேட்கிற கஸ்டமர் வருவாங்க. அந்த 'கருப்பு ஹென்னா'வுல பி.பி.டி.ங்கிற முடிச்சாயப் பொருள் இருக்கலாம். நேரடியா தோல்ல போட இங்க அதுக்கு அனுமதி இல்ல. கொப்புளம் வரும், சிலருக்கு அந்த ஒவ்வாமை வாழ்நாள் பூரா நிக்கும். பிறகு தலைமுடிக்கு டை போட்டாலே முகம் வீங்கும். இதை முடியாதுன்னு தனியா சொல்றது கஷ்டம். ஊர்ல இருக்கிற நாலு மருதாணி ஆர்ட்டிஸ்டும் சேர்ந்து "நாங்க யாருமே போடமாட்டோம்"னு சொன்னா சுலபம்.

20/
தாய்மை பத்தி ஒண்ணு. சுயதொழில் செய்ற பெண்களுக்கு எதுவுமே கிடையாதுன்னு பலர் நினைக்கிறாங்க. மெட்டர்னிட்டி அலவன்ஸ் இருக்கு. பிரசவ வாரத்துக்கு முந்தின 66 வாரத்துல குறைஞ்சது 26 வாரம் சுயதொழில்னு பதிவில இருந்திருந்தா, 39 வாரம் வரைக்கும் கிடைக்கலாம். தொகை உங்க நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கைப் பொறுத்தது. கேளுங்க. பச்சைக் குழந்தையை ஒரு கையிலயும் பைப்பிங் பையை இன்னொரு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைத் தியாகம்னு புகழ எனக்கு மனசு வரல.

21/
இதையெல்லாம் எங்க கேட்கிறது? சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசம். பிரிட்டிஷ் லைப்ரரியோட பிசினஸ் அண்ட் ஐ.பி. சென்டர் லண்டன்ல மட்டும் இல்ல, பல ஊர் நூலகங்கள்லயும் இருக்கு. அங்க பயிற்சிகள் பல இலவசம், கூட உட்கார்ந்திருக்கிறவங்களும் உங்களை மாதிரி தொழில் தொடங்குறவங்கதான். பாடத்துக்காகப் போங்க, பக்கத்து நாற்காலிக்காகவும் போங்க.

22/
நாலாவது: வீட்ல இருக்கிறவர். கணவன்மார்களே, "நான் ஃபுல் சப்போர்ட் டாக்டர்"னு சொல்றீங்க. டெலிவரிக்கு வண்டி ஓட்டுறது சப்போர்ட்தான், நன்றி. ஆனா வியாழன் ராத்திரி சமையல் யாரோடது? பிள்ளையைக் குளிப்பாட்டுறது யார்? தொழில் அவங்களுக்கு வந்துச்சு, வீட்டு வேலை அவங்களை விட்டுப் போகலன்னா, அதுக்குப் பேர் இரண்டு ஷிப்ட். மனைவி வேலைக்கு வந்து கணவர் கூட வந்த வீடுகளுக்கும் இதே கேள்விதான், ஆளை மாத்திக் கேட்டுக்கோங்க.

23/
அஞ்சாவது: தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர். கூட நடக்கிறவர், கோயில் பஜனையில பக்கத்துல உட்கார்றவர், நூலகத்துல பின்னல் போடுற குழு, யாரா இருந்தாலும் சரி. பழகுற எல்லாருமே வருங்கால கஸ்டமரா மாறிட்டா, எந்த இடத்துலயும் முகத்தைக் கழட்டி வச்சு உட்கார முடியாது.

24/
"இதுக்கெல்லாம் நேரம் ஏது டாக்டர்?" நியாயமான கேள்வி. நம்ம ஊர்லயே பதில் இருக்கு. 1989ல தர்மபுரியில தொடங்கின மகளிர் சுய உதவிக் குழுக்களை நினைச்சுப் பாருங்க. பன்னிரண்டு முதல் இருபது பேர், குறிச்ச நாள்ல கூட்டம், எழுதி வைக்கிற நோட்டு, சின்னச் சேமிப்பு. அந்தப் பெண்களுக்கு நம்மைவிட நேரம் அதிகமா இருந்துச்சா? களையெடுத்துட்டு வந்துதான் உட்கார்ந்தாங்க. கடன் கிடைச்சதைப் பத்தி எல்லாரும் பேசுறோம். வாரம் தவறாம ஒரு இடத்துல கூடினதுதான் அதோட அடித்தளம்.

25/
பண விஷயத்துலயும் இதே கதைதான். 1950கள்லயும் 60கள்லயும் பிரிட்டன் வந்த கரீபியன் மக்களுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கினப்போ, 'பார்ட்னர்'ங்கிற முறையில ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு, முறை வச்சு எடுத்து, வீட்டுக்கு முன்பணம் கட்டினாங்க. நம்ம சீட்டுதான் அது, பேர்தான் வேற. ஒரு எச்சரிக்கை: தெரிஞ்ச ஆட்கள், சின்னத் தொகை, எழுத்துல கணக்கு. முகம் தெரியாத வாட்ஸ்அப் சீட்டுல ஓவன் வாங்க வச்சிருந்த காசைப் போடாதீங்க. ஏமாந்தா வாங்கித் தர இங்க யாரும் வரமாட்டாங்க.

26/
இப்போ நம்ம சமூகத்துக்கு. "நம்ம பொண்ணுதானே"ன்னு பாதி விலை கேட்கிறோம். சங்க விழாவுக்கு "விளம்பரம் கிடைக்கும்மா"ன்னு சொல்லி ஓசியில மேடை அலங்காரம் வாங்குறோம். கடையில கேட்ட விலையை வாய் திறக்காமக் கொடுக்கிற அதே ஆள், வீட்டு கேக்குக்கு மூணு நாள் பேரம் பேசுறார். இதுக்குப் பேர் ஆதரவு இல்ல. ஒரு ஆரி ஜாக்கெட்டுக்கு முப்பது மணி நேரம் ஆகும்னா, நீங்க கொடுக்கிற காசை முப்பதால வகுத்துப் பாருங்க. அந்தக் கூலிக்கு உங்க பிள்ளையை வேலைக்கு அனுப்புவீங்களா?

27/
விலை கம்மியானா அவங்க அதிக ஆர்டர் எடுக்கணும். அதிக ஆர்டர்னா தூக்கம் போகும், மணிக்கட்டு போகும், ஆட்களைப் பார்க்கிற நேரம் போகும். தனிமை அங்கதான் பிறக்குது. அதனாலதான் விலைப் பேச்சை நான் ஒரு மருத்துவப் பேச்சாவும் பார்க்கிறேன்.

28/
எப்போ டாக்டர்கிட்ட வரணும்? ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து எழுப்பினா, அது கார்பல் டன்னலா இருக்கலாம். மாசக்கணக்கா விட்டா கைப்பிடி பலம் குறையும். கட்டைவிரல் பக்க மணிக்கட்டு சுளீர்னு வலிச்சாலும் காட்டுங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கு அது இன்னும் சகஜம். வரும்போது "வீட்லதான் இருக்கேன்"னு சொல்லாதீங்க. என்ன வேலை, எத்தனை மணி நேரம்னு சொல்லுங்க. அது தெரியாம எங்களால சரியா வைத்தியம் பார்க்க முடியாது.

29/
இரண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஈடுபாடில்லாம, அழுகையா, தூக்கம் கெட்டு இருந்தா, அதை நாலு தோழிகள் மட்டும் சரி பண்ண முடியாது. இங்கிலாந்துல என்.ஹெச்.எஸ். டாக்கிங் தெரபிஸுக்கு ஜி.பி. கடிதம் இல்லாம நீங்களே பதிவு பண்ணலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். உயிரை மாய்ச்சுக்கிற எண்ணம் வந்தா காத்திருக்காதீங்க: 111, உடனடி ஆபத்துன்னா 999. ஜி.பி. மருத்துவமனையில 'சோஷியல் ப்ரிஸ்கிரைபிங் லிங்க் வொர்க்கர்'னு ஒருத்தர் இருக்காரான்னும் கேளுங்க. உள்ளூர்க் குழுக்களோட ஆட்களைச் சேர்த்து வைக்கிறதே அவங்க வேலை. நம்ம ஆட்கள் அவங்களைக் கேட்டு வர்றது ரொம்பக் குறைவு.

30/
ஆதரவு வட்டம் தானா அமையாது, பெரிய பெரிய நிகழ்ச்சிகள்ல விசிட்டிங் கார்டு கொடுத்தும் அமையாது. முதல்ல நீங்க ஒருத்தருக்கு உதவியா நின்னா அமையும். உங்களால எடுக்க முடியாத அடுத்த ஆர்டரை "முடியாது"ன்னு மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீங்க. அதே ஊர்ல இருக்கிற இன்னொருத்தர் நம்பரைக் கொடுத்து அனுப்புங்க. பிறகு அவங்களுக்கே ஒரு போன் போட்டு, "ஒரு கஸ்டமரை அனுப்பியிருக்கேன், நானும் இதே வேலைதான் பண்றேன்"னு சொல்லுங்க.

31/
வாங்குற நம்ம எல்லாருக்கும்: சொன்ன விலையைக் கொடுங்க, முன்பணத்தை முன்னாடியே கொடுங்க, "உடம்பு முடியல, தோழி முடிச்சுத் தருவாங்க"ன்னு சொன்னா முகம் சுளிக்காம "சரிம்மா, ரெஸ்ட் எடு"ன்னு சொல்லுங்க.

உங்க ஊர்ல இப்படிச் சேர்ந்து தொழில் பண்றவங்க இருந்தா, எப்படித் தொடங்கினாங்கன்னு கீழ எழுதுங்க. படிக்கிற யாருக்காவது வழியாகும்.